நான்காவது குண்டை விடுங்கள், அந்தப் பத்து நாளைப் பாருங்கள்

கேள்வி: காந்தி கொலையை மறுபடி விசாரிக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார்களே. கோட்சே சுட்டது மூன்று குண்டு, உடலில் இருந்ததோ நான்கு காயம் என்கிறார்கள். நான்காவது குண்டைச் சுட்டது யார்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: யாரும் இல்லை. 2017-ல் மும்பைக்காரர் ஒருவர் போட்ட மனு அது. நீதிமன்றம் அதை உடனே தூக்கிப் போட்டுவிடவில்லை. மூத்த வழக்கறிஞர் அமரேந்திர சரணை உதவிக்கு நியமித்தது. அவர் டெல்லி செங்கோட்டையில் நடந்த கொலை வழக்கின் பதிவுகளையும், பின்னால் 1960-களில் இந்தச் சதியை விசாரித்த கபூர் கமிஷனின் அறிக்கையையும் படித்துவிட்டு, நான்காவது குண்டுக்கும் ஆதாரம் இல்லை, இன்னொரு கொலையாளிக்கும் இல்லை, பிரிட்டிஷ் உளவுப்படையின் கை இருந்தது என்பதற்கும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். 2018 மார்ச் 28 அன்று மனு தள்ளுபடியானது.

சந்தேகம் ஏன் வந்தது என்றால், காந்தியின் உடலுக்குப் பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. டாக்டர் வெளிக்காயங்களைப் பார்த்து எழுதியதோடு சரி. அவசரத்தில் அச்சான பத்திரிகைகள் சிலவற்றில் நான்கு என்று வந்தது. ஆனால் காந்தி டெல்லியில் தங்கியிருந்த பிர்லா மாளிகைத் தோட்டத்தில், பிரார்த்தனைக்கு வந்த அத்தனை பேர் நடுவில், கைக்கெட்டும் தூரத்தில் நின்று சுட்டவனை அங்கேயே பிடித்துவிட்டார்கள். இன்னொருவன் சுட்டு யார் கண்ணிலும் படாமல் போனான் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

கேள்வி: அப்படியானால் இந்த வழக்கில் சந்தேகமே இல்லை என்கிறீர்களா?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இல்லையம்மா, நிறைய இருக்கிறது. ஆனால் எல்லோரும் ஜனவரி 30-ஐயே தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், தோண்ட வேண்டியது அதற்கு முந்தைய பத்து நாளை.

1948 ஜனவரி 20 அன்று அதே பிர்லா மாளிகையில் குண்டு வெடித்தது. வைத்தவர் மதன்லால் பாவா, பஞ்சாபிலிருந்து வந்த அகதி, அங்கேயே மாட்டிக்கொண்டார். கூட வந்தவர்கள் தப்பிவிட்டார்கள். மதன்லால் போலீசிடம் சொன்னவற்றில், கூட்டாளிகளில் ஒருவர் ஒரு மராத்திப் பத்திரிகையின் ஆசிரியர் என்பதும் இருந்தது. கோட்சே புனாவில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தவர். அவரும் அவர் கூட்டாளி ஆப்தேயும் தங்கியிருந்த டெல்லி மெரினா ஹோட்டல் அறைக்குப் போலீஸ் போனபோது ஆட்கள் இல்லை, ஆனால் சலவைக்குப் போட்ட துணி கிடைத்தது. அதில் என்.வி.ஜி. என்று சலவைக் குறி. நாதுராம் விநாயக் கோட்சே! அந்த மூன்று எழுத்தையும் பத்திரிகை ஆசிரியர் என்ற சொல்லையும் சேர்த்து புனா போலீசிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், பெயர் வந்திருக்கும் என்றுதான் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு பக்கம் பம்பாயில், கல்லூரிப் பேராசிரியர் ஜெயின் என்பவரிடம் மதன்லாலே இந்தத் திட்டத்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தார். அப்போது வெறும் பேச்சு என்று நினைத்த ஜெயின், குண்டு வெடித்த செய்தியைப் பார்த்ததும் பதறிப்போய் பம்பாய் உள்துறை மந்திரி மொரார்ஜி தேசாயிடம் சொன்னார், அவர் போலீஸ் அதிகாரி நகர்வாலாவிடம் சொன்னார். ஆக, டெல்லியில் பாதி துப்பு, பம்பாயில் மீதிப் பாதி. இரண்டையும் சேர்க்க வேண்டிய புனா சி.ஐ.டி. அதிகாரி, மதன்லாலின் வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு விமானத்தில் போகாமல் அலகாபாத் வழியாக ரயிலில் போய், 27-ஆம் தேதிதான் பம்பாய் சேர்ந்தார். மூன்றே நாள் கழித்து எல்லாம் முடிந்துவிட்டது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. செங்கோட்டையில் தீர்ப்புச் சொன்ன நீதிபதி ஆத்ம சரணே, 20-க்கும் 30-க்கும் நடுவில் போலீஸ் காட்டிய மெத்தனத்தைக் கண்டித்துத்தான் எழுதினார். டெல்லியில் அந்தத் தோட்டத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். காந்தியின் கடைசி நடையைச் சிமென்ட் பாதங்களாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். அவை சட்டென்று நின்றுவிடுகிற இடத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது துப்பாக்கி இல்லை, அந்தச் சலவைத் துணிதான்.

கேள்வி: சாவர்க்கரை நீதிமன்றம் விடுதலை செய்தது, கமிஷன் குற்றம் சொன்னது. எதை நம்புவது?
- ஒரு கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: இரண்டும் ஒன்றல்ல தம்பி. சதியில் கூட்டாளியாக இருந்து, பிறகு அரசுத் தரப்புச் சாட்சியாக, அதாவது அப்ரூவராக மாறிய பாட்கேயின் சாட்சியத்துக்கு வேறு ஆதாரத் துணை இல்லை என்பதால் 1949 பிப்ரவரி 10 அன்று, சதியில் பங்கு என்று குற்றம் சாட்டப்பட்டிருந்த இந்து மகாசபைத் தலைவர் சாவர்க்கர் விடுதலையானார். சட்டப்படி அது சரியான தீர்ப்புதான், அரசும் மேல்முறையீடு செய்யவில்லை. அப்புறம் 1964-ல் நாதுராமின் தம்பி கோபால் கோட்சேயும் தண்டனை பெற்ற மற்றவர்களும் சிறையிலிருந்து வந்தபோது புனாவில் பாராட்டுக் கூட்டம் நடந்தது, அதில் கேட்கர் என்ற பத்திரிகையாளர் தனக்கு இந்தத் திட்டம் முன்பே தெரியும் என்று பேசினார். நாடாளுமன்றம் கொந்தளித்தது. அதில் பிறந்ததுதான் கமிஷன். நீதிபதி கபூர் 1969-ல் கொடுத்த அறிக்கையில், உண்மைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சாவர்க்கரும் அவர் குழுவினரும் செய்த சதி என்பதைத் தவிர வேறு எதுவும் நிற்கவில்லை என்று எழுதினார்.

அவர் முன்னால் இருந்தவற்றில் முக்கியமானவை, சாவர்க்கரின் மெய்க்காப்பாளர் காசாரும் செயலாளர் தாம்லேயும் 1948-லேயே பம்பாய் போலீசிடம் கொடுத்த வாக்குமூலங்கள். கோட்சேயும் ஆப்தேயும் ஜனவரியில் சாவர்க்கரைப் பார்க்க வந்தது அவற்றில் இருக்கிறது. ஆனால் அவர்கள் இருவரையும் செங்கோட்டையில் சாட்சிக் கூண்டில் ஏற்றவே இல்லை. ஏற்றியிருந்தால் சாவர்க்கரின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்திருப்பார், அந்த வாக்குமூலங்கள் உடைந்திருக்கலாம், உடையாமலும் இருந்திருக்கலாம். எப்படியோ அன்றைக்கே தெரிந்திருக்கும். 1966-ல் சாவர்க்கர் இறந்துவிட்டார், கமிஷன் முன் பதில் சொல்ல அவர் இல்லை. அதனால் கமிஷன் சொன்னதைத் தீர்ப்பு மாதிரி தூக்கிப் பிடிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை, விடுதலைத் தீர்ப்பைக் காட்டி அந்த வாக்குமூலங்களைப் பேசவே கூடாது என்பவர்களோடும் இல்லை.

கேள்வி: சரி, மறுவிசாரணை வேண்டுமா வேண்டாமா? ஒரே வரியில் சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவர்களில் யாரும் இன்று உயிரோடு இல்லை, கோபால் கோட்சேயும் 2005-ல் போய்விட்டார். யாரைக் கூண்டில் ஏற்றுவது? நான் கேட்பது வேறு. அந்தப் பத்து நாளில் டெல்லி, பம்பாய், புனா போலீஸ் எழுதிய ஒவ்வொரு தாளும், காசார், தாம்லே வாக்குமூலங்கள் முழுதாக, இந்த வழக்கில் தலைமறைவு என்று எழுதப்பட்ட குவாலியர்க்காரர்கள் மூவரைத் தேடிய கோப்பு, எல்லாம் எவரும் படிக்கிற மாதிரி ஒரே இடத்தில் வர வேண்டும். தமிழிலும் வர வேண்டும். கோட்சே குவாலியரில் வாங்கிச் சுட்ட அந்த பெரெட்டா துப்பாக்கி அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு இன்றுவரை தெளிவான பதில் இல்லை, தாள் எங்காவது மிச்சமிருந்தால் முதலில் அதைத்தான் நான் புரட்டுவேன்.