இதயக் கோளாறுள்ள குழந்தைக்கு வேறொரு ஆபரேஷன் என்றால்…

குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவனான எனக்கு வந்த கடிதங்களில் சில.

மகனுக்கு 3 வயதில் இதய ஓட்டையை அடைத்தார்கள். இப்போது 7 வயது. குடலிறக்க ஆபரேஷனை இதயம் தாங்குமா?

ஓட்டை முழுசாக மூடி, கசிவு இல்லாமல், நுரையீரல் ரத்த அழுத்தமும் சரியாக இருந்தால் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான். கடைசி எக்கோ (இதய ஸ்கேன்) பழசு என்றால் புதிதாக ஒன்று எடுத்துவிடுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவுக்குள் தூங்கக் கூடாது, கையில் வேண்டும்.

10 மாதப் பெண் குழந்தை. டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற பிறவி இதயக் கோளாறு, இன்னும் சரிசெய்யவில்லை. ஒட்டியிருக்கும் விரலைப் பிரிக்கும் சின்ன ஆபரேஷனுக்குக்கூட பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள். எதற்கு?

விரலில் வைக்கும் கத்தி சின்னதுதான். மயக்க மருந்து சின்னதில்லை. இந்த இதயத்தில் நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல், பக்கத்திலேயே ஒரு ஓட்டை. மயக்கத்தில் உடம்பின் ரத்தக் குழாய்கள் தளர்ந்தால், அசுத்த ரத்தம் குறுகலான வழியை விட்டுவிட்டு ஓட்டை வழியாக உடம்புக்குள் பாய்ந்துவிடும். குழந்தை நீலம் பாரிக்கும். வீறிட்டு அழுதாலும், தண்ணீர் வற்றினாலும் இதே கதைதான். டிரிப்ஸ் குழாயில் இருக்கும் காற்றுக் குமிழிகூட நுரையீரலில் வடிகட்டப்படாமல் மூளைக்குப் போய்விடலாம்.

அதனால் இதயநோய்க் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர்களும், ஐ.சி.யு. வசதியும் உள்ள இடம் தேவை. விரல் அவசரமில்லை, இதயத்தை முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகு பார்க்கலாமா என்று இதய மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன்.

எப்போது செய்தாலும் அன்றைய பட்டியலில் முதல் கேஸாகப் போடச் சொல்லுங்கள். 'நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடாது' என்பது பழைய பழக்கம். தாய்ப்பாலை 4 மணி நேரம் முன்பும், தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்துவது இன்றைய வழக்கம். ஆனாலும் உங்கள் மயக்க மருத்துவர் சொல்லும் நேரமே கணக்கு. நீலம் பாரிப்பதைத் தடுக்க ப்ரோப்ரனலால் மருந்து கொடுத்துவந்தால் அன்று காலை வேளையையும் விட வேண்டாம்.

ஷண்ட் வைத்த மகனுக்குப் பல் பிடுங்க வேண்டும். ஆஸ்பிரினை ஒரு வாரம் நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். 1944இல் பால்டிமோரில் முதல் 'நீலக் குழந்தை'க்குச் செய்த ஆபரேஷனின் இன்றைய வடிவம்தான் உங்கள் மகனுக்குள் இருக்கிறது: நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய். ஆஸ்பிரினை நிறுத்தி, ரத்தம் உறைந்து அது அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பல்லில் கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தி நிறுத்திவிடலாம். பல் டாக்டரையும் இதய மருத்துவரையும் போனில் பேசவையுங்கள். நீங்கள் நடுவில் தூது போக வேண்டாம்.

இதயக் கோளாறு என்றாலே பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டாம். சரிசெய்யப்படாத, நீலம் பாரிக்கும் வகைக் கோளாறு, செயற்கை வால்வு, ஏற்கெனவே இதய உள்ளுறையில் தொற்று வந்தது, செயற்கைப் பொருள் வைத்து ஆபரேஷன் செய்து 6 மாதம் ஆகாதது, வைத்த ஒட்டுக்கு அருகே கசிவு மிச்சமிருப்பது – முக்கியமாக இவர்களுக்குத்தான். மேலே கேட்ட ஷண்ட் பையனும் இதில் சேர்த்தி. வழக்கமாக அமாக்ஸிசிலின், எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் (அதிகபட்சம் 2 கிராம்), அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு, ஒரே வேளை. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் தேதி வந்துவிட்டது, பிள்ளைக்குச் சளி. மறைத்துவிடலாமா?

கூடவே கூடாது. நுரையீரல் அழுத்தம் கூடிய குழந்தைக்குச் சளியோடு மயக்கம் கொடுப்பது போல எனக்குப் பயம் தருவது வேறொன்றுமில்லை. அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் சில வாரம் தள்ளிப்போடுவார்கள்.

மகளுக்கு ஒற்றைக் கீழறை இதயம் (ரத்தத்தை இறைக்கும் கீழறை இரண்டுக்குப் பதில் ஒன்றுதான்). ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எப்போதும் 80 சதவீதம்தான். ஊர் கிளினிக்கில் பதறிவிட்டார்கள்.

ஒற்றைக் கீழறை இதயத்துக்கு, சிகிச்சையின் முதல் கட்டங்களில், 75 முதல் 85 வரை இருப்பது வழக்கம். '100 வரட்டும்' என்று ஆக்சிஜனை ஏற்றினால் ரத்தம் நுரையீரலுக்கே திரும்பி, உடம்புக்குப் போவது குறைந்துவிடலாம். அவளுடைய வழக்கமான எண்ணை இதய மருத்துவரிடம் எழுதி வாங்கி, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அந்தச் சீட்டை நீட்டுங்கள்.