தவறான விடைக்கும் ஒரு பதில்

கேள்வி: ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பின்னம் பாடத்துக்கு, கணினியில் தட்டி விடையளிக்கும் பயிற்சிகள் செய்ய உதவும் எச்5பி என்ற மென்பொருளில் 20 கேள்விகள் தயாரித்தேன். பிள்ளைகள் கண்டதைத் தட்டி இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். மதிப்பெண் வருகிறது, கணக்கு வரவில்லை. எங்கே தவறு, அம்மா?

பதில்: நீங்கள் அனுப்பிய கோப்பைத் திறந்து நானே போட்டுப் பார்த்தேன். கேள்விகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் எதைத் தட்டினாலும் 'சரி' அல்லது 'தவறு' என்று மட்டும்தான் வருகிறது. தவறு என்று வந்ததும் பிள்ளை என்ன செய்யும்? அடுத்ததைத் தட்டும். நாலில் ஒன்று சரியாக இருந்துதானே ஆக வேண்டும்!

உங்கள் மூன்றாவது கேள்வியையே எடுத்துக்கொள்வோம். 1/2 + 1/3 எவ்வளவு? விடைகள் 5/6, 2/5, 2/6, 4/7. இதில் 2/5-ஐத் தட்டும் பிள்ளை, மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது. 2/6-ஐத் தட்டும் பிள்ளை பாதி வழி வந்துவிட்டது. பகுதியை 6 ஆக்கியிருக்கிறது, தொகுதியை மாற்ற மறந்துவிட்டது. இரண்டு பேருடைய சிக்கலும் வேறு வேறு. இருவருக்கும் ஒரே 'தவறு' எப்படிப் போதும்?

எச்5பி-யில் ஒவ்வொரு விடைக்கும் தனித்தனியாகப் பின்னூட்டம் எழுத இடம் இருக்கிறது. உங்கள் கோப்பில் அத்தனையும் காலியாகக் கிடக்கின்றன. 2/5-க்கு நேராக இப்படி எழுதுங்கள்: "2/5 என்பது அரையைவிடப் பெரியதா, சிறியதா? அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் குறையுமா?" சரியான விடையைச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை ஒரு நொடி நின்று, 'அட, குறைந்துவிட்டதே' என்று தானே பார்க்க வேண்டும். 2/6-க்கு: "6 சரி. 1/2-ஐ ஆறில் எத்தனை பங்கு என்று எழுதலாம்?" 4/7 எந்த யோசனையிலிருந்தும் வராத எண், எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் 1/6 போடுங்கள். கூட்டுவதற்குப் பதில் பெருக்கிவிட்ட பிள்ளை அங்கே வந்து நிற்கும்.

இப்படி எழுத நேரம் பிடிக்கும். அதனால் 20 வேண்டாம், 6 கேள்வி போதும். அந்த ஆறையே எண்களை மாற்றி ஒரு வாரம் கழித்து மறுபடி கொடுங்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். அன்றைக்கே வரும் மதிப்பெண்ணை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: என் பாடங்களை பிடிஎஃப் ஆக்கி இலவசமாகவே கொடுக்கிறேன். அது திறந்த கல்வி வளம்தானே?

பதில்: இல்லை. இலவசம் வேறு, திறந்தது வேறு. யுனெஸ்கோ 2002-ல் இந்தப் பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தது. 2019-ல் அது நிறைவேற்றிய பரிந்துரை வலியுறுத்துவது உரிமத்தைத்தான், அதாவது மற்றவர்கள் என்னென்ன செய்யலாம் என்ற அனுமதியைத்தான். வைத்துக்கொள்ள, பயன்படுத்த, மாற்ற, மற்றொன்றோடு கலக்க, பகிர என்று ஐந்துக்கும் அனுமதி இருக்க வேண்டும். உரிமம் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை என்றால், சட்டப்படி எல்லா உரிமையும் உங்களிடமே இருக்கும். இன்னொரு ஆசிரியர் உங்கள் கணக்கில் ஒரு எண்ணை மாற்றக்கூடத் தயங்குவார். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அனுமதி தரும் பொது உரிமங்களில் ஒன்றான 'கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். உங்கள் பெயரைச் சொல்லி யாரும் மாற்றி எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், உரிமம் கொடுத்துவிட்டு பிடிஎஃப் மட்டும் கொடுத்தால், சாவியைக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு ஆணி அடித்த மாதிரி. திருத்தக்கூடிய மூலக்கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு காலத்தில், உலாவியில் அசைபடமும் விளையாட்டும் ஓட்டப் பயன்பட்ட ஃபிளாஷ் என்ற மென்பொருளில் நாற்பது பயிற்சிகள் செய்தேன். முடிந்த கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டேன். 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷுக்கான ஆதரவு நின்றது. உலாவிகள் கைவிட்ட பிறகு என்னால் அவற்றைத் திறக்கவும் முடியவில்லை, வேறு வடிவத்துக்கு மாற்றவும் முடியவில்லை. மூலம் இருந்திருந்தால் கேள்விகளையாவது மீட்டிருப்பேன். எச்5பி-யில் மறுபயன்பாட்டுப் பொத்தானை மூடாமல் விட்டால், எடுப்பவர் கைக்குத் திருத்தக்கூடிய கோப்பே போய்ச் சேரும்.

கேள்வி: இணையத்தில் எடுத்த படத்துக்குக் கீழே 'நன்றி: இணையம்' என்று போட்டால் போதாதா?

பதில்: போதாது. படத்தின் தலைப்பு, எடுத்தவர் பெயர், கிடைத்த இடம், உரிமம் என்று நாலும் வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 'என்டி' (மாற்றியதைப் பகிரக் கூடாது) என்று இருந்தால் அந்தப் படத்தில் தமிழில் பெயர் குறித்துப் பகிரவும் அனுமதி இல்லை. வேறு படம் தேடுங்கள். படம் கிடைத்ததும், பார்வையில்லாத பிள்ளைக்குத் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பானுக்காக, படத்தில் இருப்பதைச் சொல்லும் ஒரு வரி மாற்று உரை எழுதுங்கள். 'இதயத்தின் படம்' என்று எழுதி விட்டுவிடாதீர்கள். 'இதயத்தின் குறுக்குவெட்டு, நான்கு அறைகள், இடது கீழறையின் சுவர் மற்றவற்றைவிடத் தடிமன்' என்று எழுதுங்கள்.