தனி ஆளாகவா, தம்பி?

கேள்வி: எனக்கு வயது 31. தனியார் பண்பலை ஒன்றில் இரவு நிகழ்ச்சி செய்யும் ஆர்ஜே. இலங்கை வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீது குரலைக் கேட்டுத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பாடலாசிரியர் பெயரைச் சொல்லாமல் ஒரு பாட்டும் போட மாட்டேன். கூடவே யூடியூபில் தனி ஆளாக ஒரு சினிமா விமர்சன சேனலை வளர்த்திருக்கிறேன். அதில் வரும் பணம் இப்போது சம்பளத்தில் பாதியைத் தொடுகிறது. எடிட்டிங்கைக் கல்லூரியில் படிக்கும் தங்கை பார்த்துக்கொள்வதால் செலவும் இல்லை. வேலையை விட்டு முழுநேர விமர்சகராகிறேன் என்றால் அப்பா கத்துகிறார். "நீ எப்படியோ போ, அவளையாவது விடு" என்கிறார். படம் வந்த முதல் மூன்று நாள் விமர்சனத்துக்குத் தடை வந்துவிடுமோ என்றும் பயம். வேலையை விடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பயத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்தத் தடையைக் கேட்டுத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. எனவே அதை ஒரு பக்கம் வையுங்கள்.

தனி ஆளாக என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வரி தள்ளி, எடிட்டிங் தங்கை என்கிறீர்கள். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும்?

வெள்ளிக்கிழமை விமர்சனம் எப்படித் தயாராகும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் முதல் காட்சி பார்த்துவிட்டு வந்து கேமரா முன் பேசிவிட்டு, கிளிப்பைக் கொடுத்துவிட்டு நிலையத்துக்குக் கிளம்பிவிடுவீர்கள். அப்புறம் அந்தப் பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். உங்கள் இருமல், இழுவை, பாதியில் விட்ட வாக்கியம் எல்லாவற்றையும் வெட்டி எடுத்து, நடுவில் டிரெய்லர் துண்டுகளைச் சேர்க்க வேண்டும். ஏற்றியதும் டிரெய்லர் இசைக்குக் காப்புரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். விமர்சனத்துக்காக நியாயமான அளவு எடுத்தாளக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. யூடியூபின் தானியங்கிச் சோதனைக்கு அந்தப் பிரிவு தெரியாது. அந்த இடத்தை மாற்றி, மறுபடி ஏற்றிவிட்டு அவள் படுக்க எத்தனை மணி ஆகிறது? அவள் என்ன படிக்கிறாள் என்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. அவளுக்கு எப்போது தேர்வு என்று உங்களுக்குத் தெரியுமா?

வானொலிக்காரருக்கு இது தெரியாமல் போனதுதான் எனக்குக் கோபம். உங்கள் நிலையத்தில் எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு என்று மியூசிக் பிரிவில் ஒருவர் முன்பே அடுக்கிவைக்கிறார். புரோமோவை வெட்டி ஒட்டப் புரொடியூசர் இருக்கிறார். விளம்பரம் எங்கே விழ வேண்டும் என்பதை டிராஃபிக் பிரிவு பார்க்கிறது. பாட்டுகளுக்கு நடுவில் வரும் பேச்சை, அந்த லிங்க்கைத்தான் நீங்கள் பேசுகிறீர்கள். அத்தனை பேருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம். வீட்டில் உங்களுக்குப் புரொடியூசராக இருப்பவளுக்கு மட்டும் ஏன் இல்லை? இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படம், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் என்று சொல்லிவிட்டுப் பாட்டுக்குப் போவார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவர், எழுதியவர் பெயரைச் சொல்லாமல் பாட்டே போடாதவர், உங்கள் வீடியோவில் ஒரு தடவையாவது தங்கை பெயரைப் போட்டிருக்கிறீர்களா?

தங்கையின் நேரம் அண்ணனுக்கு இலவசம் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. எனக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. மூத்தவன் இளையவளைத் தூக்கிவிட வேண்டியவன். அவள் தூக்கத்தை எடுத்துத் தன் தொழிலுக்கு முதல் போடுவது பிழை. உங்கள் அப்பா சினிமாவுக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். "அவளையாவது விடு" என்பதில் சினிமா எங்கே வருகிறது? வீட்டில் இரவு இரண்டு மணிக்கு எரியும் விளக்கை அவர் பார்க்கிறார். நீங்கள் அப்போது ஸ்டுடியோவில் இருக்கிறீர்கள்.

வேலையை இப்போது விடாதீர்கள். வெளியே ஒரு எடிட்டருக்கு ஒரு வீடியோவுக்கு என்ன கொடுப்பீர்களோ, அதை இந்த மாதத்திலிருந்து தங்கையின் வங்கிக் கணக்கில் போடுங்கள். இதுவரை செய்ததற்கும் சேர்த்து. தேர்வு மாதங்களில் அவள் அந்தக் கணினி பக்கமே வரக் கூடாது, எடிட்டிங்கை நீங்களே கற்றுக்கொண்டு செய்யுங்கள். தன் பேச்சைத் தானே வெட்டிப் பார்க்காதவருக்கு எங்கே இழுக்கிறோம் என்று தெரியாது. விமர்சகருக்கு அது கட்டாயம் வேண்டிய பாடமும்கூட.

இன்னொன்று: உங்கள் நிலையம் விளம்பரம் வாங்கிய படத்தை விமர்சிக்கும்போது அதை வீடியோவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வெளியே சேனல் நடத்த நிலையத்தின் ஒப்பந்தம் இடம் தருகிறதா என்றும் எடுத்துப் படியுங்கள்.

ஆறு மாதம் இப்படி நடத்துங்கள். எடிட்டர் சம்பளம் போக சேனலில் என்ன மிஞ்சுகிறது என்று தாளில் எழுதி, ராஜினாமா பற்றி அப்பாவிடம் பேசும்போது அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள். தங்கையும் அந்தப் பேச்சில் உட்காரட்டும்.