கோபுரத்தை விடுங்கள், சுவரைப் பாருங்கள்

கேள்வி: கும்பகோணம் அருகே ஒரு பேரூராட்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். பக்கத்து வீட்டுக்காரர் தம் மொட்டைமாடியைச் செல்போன் கோபுரத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். இரும்புச் சட்டங்கள் வந்து இறங்கிவிட்டன. என் மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி. எதிரில் அங்கன்வாடி. செயல் அலுவலரிடம் மனு கொடுத்தால், "தனியார் இடம், எங்கள் அனுமதி தேவையில்லை" என்கிறார். முப்பது ஆண்டுகள் உறவினர்போல் பழகியவர் இப்போது முகம் கொடுத்தே பேசுவதில்லை. கோபுரத்தின் ஒரு கால் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர்மேல் வரும் என்று கொத்தனார் சொல்கிறார். தெருவார் அனைவரும் சேர்ந்து வழக்குப் போடப் போகிறோம். வெல்லுமா?

பதில்: தெருவார் போடும் வழக்கு வெல்லாது. ஆனால் கொத்தனார் சொன்னதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சுவரில் உங்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

முப்பது ஆண்டுப் பழக்கம் முறிந்தது வேதனைதான். நீதிமன்றத்தில் அதற்கு இடமில்லை. செயல் அலுவலர் மீதும் கோபப்படாதீர்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் முதலே தனியார் இடத்தில் கோபுரம் நிறுவ உள்ளாட்சியின் அனுமதி தேவையில்லை. கட்டடத்தின் மேல் என்றால், கட்டமைப்புப் பொறியாளரின் சான்றோடு நிறுவனம் முன்கூட்டியே உள்ளாட்சிக்கு எழுத்தில் தகவல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தகவலின் நகலையும் சான்றின் நகலையும் மட்டும் செயல் அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள்.

கதிர்வீச்சைப் பற்றிய உங்கள் அச்சத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் உள்ள வரம்பு, கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் (ICNIRP) பரிந்துரைத்த அளவில் பத்தில் ஒரு பங்கு. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சதுர மீட்டருக்கு 0.45 வாட். அதற்குள் இருக்கிறது என்ற சான்றை நிறுவனம் நீட்டினால், உங்கள் அச்சம் எதிர்ச்சான்று ஆகாது. 2017இல் குவாலியரில் ஒரு கோபுரத்தை நிறுத்திவைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு பலர் என்னிடம் வருகிறார்கள். அது ஒரு தனி மனுவில் பிறந்த உத்தரவு. எல்லாக் கோபுரத்துக்கும் பொருந்தும் தீர்ப்பு அல்ல. கோபுரம் இயங்கத் தொடங்கிய பிறகும் மனம் கேட்காவிட்டால், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் 4,000 ரூபாய் கட்டி உங்கள் வீட்டிலேயே அளக்கச் சொல்லலாம்.

இனி சுவர். தனியார் இடம் என்றால் உரிமையாளரோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம். உங்கள் கிரயப் பத்திரத்திலோ பாகப்பிரிவினைப் பத்திரத்திலோ அது "பொதுச் சுவர்" என்று இருந்தால், அந்தச் சுவருக்கு உரிமையாளர் ஒருவர் அல்லர், இருவர். உங்கள் சம்மதம் இல்லாமல் அதன்மேல் டன் கணக்கில் இரும்பை ஏற்ற அவருக்கு உரிமை கிடையாது. இன்றே பத்திரத்தை எடுத்துச் சொத்து விவரத்தை வரிவரியாகப் படியுங்கள். பத்திரம் சுவரைப் பற்றி ஒன்றுமே சொல்லாவிட்டால் வழக்கு கடினம். அப்போது உங்கள் உத்தரம் அதில் தாங்கி நிற்பதைக் காட்டியாக வேண்டும்.

நான் அதிகம் அஞ்சுவது தெருவாரின் கூட்டு மனுவைத்தான். சில ஆண்டுகளுக்கு முன் உங்களைப் போன்றே ஒருவர் அறுபது கையெழுத்தோடு ஒரு கையெழுத்தாகச் சேர்ந்தார். மனு முழுக்கக் கதிர்வீச்சு, சிட்டுக்குருவி, குழந்தைகள். அவருடைய சுவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. வழக்கு தள்ளுபடி ஆயிற்று. மறு ஆண்டு சுவரில் விரிசல் விட்டபோது தனி வழக்கோடு என்னிடம் வந்தார். "முதல் வழக்கிலேயே கேட்டிருக்க வேண்டும்" என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 2 விதி 2ஐ எதிர்த்தரப்பு எடுத்து வைத்தது. இரண்டும் வேறு வேறு வழக்குமூலம் (வழக்குக்கான காரணம்) என்று நிலைநாட்டுவதிலேயே ஆண்டுகள் ஓடின. விரிசல் அதுவரை காத்திருக்கவில்லை. ஆகவே கூட்டு மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். தெருவார் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

இன்னொரு பள்ளம், சாலை மறியல். லாரியை மறித்தால் வழக்கு உங்கள் மகன் பெயரில் பதிவாகும். அவருடைய கடவுச்சீட்டுக்கோ அரசு வேலைக்கோ காவல்துறை விசாரணை வரும்போது அது எழுந்து நிற்கும். கருவிகளுக்குச் சேதம் நேர்ந்தால் இழப்பீட்டோடு ஐம்பது இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. இளைஞர்களைத் தயவுசெய்து அடக்கி வையுங்கள்.

சுவர் வழக்கிலும் ஒரு முள் உண்டு. குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தில் (Specific Relief Act) 2018இல் சேர்த்த 41(ஹெச்ஏ) பிரிவு, உள்கட்டமைப்புத் திட்டத்தைத் தாமதப்படுத்தும் உறுத்துக்கட்டளையை, அதாவது தடையாணையை, வழங்கக் கூடாது என்கிறது. அதன் அட்டவணையில் தொலைத்தொடர்புக் கோபுரம் பெயர் சொல்லியே இருக்கிறது. "கோபுரமே வேண்டாம்" என்று கேட்டால் அந்த இடத்திலேயே விழுவீர்கள். "என் சுவரை விட்டு அந்தக் காலை உன் தூணுக்கு நகர்த்து" என்று மட்டும் கேட்டால் நிற்க இடம் உண்டு.

அதனால் முதலில் சமரசத்துக்கு முயலுங்கள். பத்திர நகலை இணைத்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, நிறுவனத்துக்கும் இந்த வாரமே வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். இடத்தின் உரிமையில் தகராறு என்றால் நிறுவனங்கள் இறங்கி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கால் நகர வேண்டும், ஜெனரேட்டர் உங்கள் படுக்கையறைப் பக்கம் வரக் கூடாது, சுவருக்குச் சேதம் நேர்ந்தால் நிறுவனம் சரிசெய்ய வேண்டும்: இந்த மூன்றையும் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் வட்டச் சட்டப் பணிகள் குழுவின் மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள். அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் (decree) சமம், நீதிமன்றக் கட்டணமும் இல்லை. மறுத்தால், கான்கிரீட் போடும் முன்பே சுவருக்கு மட்டும் வழக்கு. அதே நாளில் சுவரை நேரில் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்க மனு.

இதற்கிடையே பக்கத்து வீட்டுக்காரர் பழைய பாசத்தோடு வந்து, வாடகையில் மாதம் ஒரு பங்கு தருகிறேன், முத்திரைத்தாளில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்பார். போடாதீர்கள். அதுதான் நீங்கள் கொடுத்த சம்மதமாக நீதிமன்றத்துக்கு வரும்.