வீட்டுப் புகைப்படங்கள்: பிரித்து வைத்த பிறகே ஆல்பம் வாங்குங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் புகைப்படங்கள் பிரிண்டுகளாகவே இருக்கின்றன. சில பழைய ஆல்பங்களிலும், பெரும்பாலானவை ஸ்டுடியோ கவர்களிலும் அட்டைப்பெட்டிகளிலும் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த நல்ல ஆல்பங்கள் வாங்க நினைக்கிறேன். எந்த வகை நல்லது?

பதில்: ஆல்பம் வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை படங்கள், எந்தெந்த அளவில் இருக்கின்றன என்று தெரியாமல் வாங்கும் ஆல்பத்தில் சில படங்கள் நுழையாது. சில பிடிப்பில்லாமல் நழுவும். முதலில் ஒரு மேசையைத் துடைத்து உலரவிட்டு, கைகளைக் கழுவிக்கொண்டு, படங்களை ஓரத்தில் மட்டும் பிடித்து எடுத்து, குடும்பக் கிளை வாரியாகவும் அதற்குள் ஏறத்தாழப் பத்தாண்டு வாரியாகவும் பிரித்து வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் சரியான தேதியைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன் என்று உட்கார்ந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். ஒரே கவரில் இருந்த படங்களைக் கலைக்காதீர்கள். கவரின் மேலுள்ள பெயரும் தேதியும் ஸ்டுடியோ முத்திரையுமே பல சமயங்களில் ஆண்டைக் கண்டறியக் கிடைக்கும் ஒரே தடயம்.

பிரித்து முடித்ததும் அடுக்குகளை அளந்து பாருங்கள். நான்குக்கு ஆறு அங்குலப் படங்கள் நூறு சேர்ந்தால் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் உயரம் வரும். அப்படியானால் முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டியில், இடையே பிரிப்பு அட்டைகள் வைத்தும்கூட, சுமார் ஆயிரம் படங்கள் அடங்கும். அதே ஆயிரத்துக்கு இருநூறு படங்கள் கொள்ளும் ஆல்பம் ஐந்து வேண்டியிருக்கும். எல்லாப் படங்களையும் ஆல்பத்தில் போட வேண்டிய தேவை இல்லை என்பதே என் கருத்து. வீட்டார் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் படங்களுக்கு ஓர் ஆல்பம், மற்றவற்றுக்கு நல்ல பெட்டிகள் என்று வைத்துக்கொண்டால் செலவும் குறையும், படங்களும் பத்திரமாக இருக்கும்.

கேள்வி: கடையில் "ஆசிட் ஃப்ரீ", "போட்டோ சேஃப்" என்று அச்சிட்ட ஆல்பங்கள் சாதாரண ஆல்பத்தைவிட இரண்டு மடங்கு விலைக்கு விற்கப்படுகின்றன. நம்பி வாங்கலாமா?

பதில்: அந்தச் சொற்களை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். தாளில் அமிலம் இல்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் அதே ஆல்பத்தின் பசை, சாயம், பிளாஸ்டிக் உறை ஆகியவை படத்தைக் கெடுக்கக்கூடியவையாக இருக்கலாம். "போட்டோ சேஃப்" என்ற சொல்லுக்கோ எல்லாரும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது. நீங்கள் தேட வேண்டியது, ஐ.எஸ்.ஓ. 18916 என்ற சர்வதேசத் தரத்தின்படி அந்தப் பொருள் சோதிக்கப்பட்டதா என்பதைத்தான். தாள், அட்டை, பசை போன்ற பொருளை, புகைப்படத்தைப் போலவே எளிதில் பாதிக்கப்படும் வெள்ளிப் படலத்தோடும் ஜெலட்டின் பூசிய தாளோடும் நெருக்கி வைத்து, 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 86 சதவீத ஈரப்பதத்திலும் பதினைந்து நாள் வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகும் படலம் மங்காமலும் தாளில் கறை படியாமலும் இருந்தால்தான் பொருள் தேறும். தரமான தயாரிப்பாளர்கள் இந்தச் சோதனையின் ஆங்கிலப் பெயரான "போட்டோகிராஃபிக் ஆக்டிவிட்டி டெஸ்ட்" என்பதன் சுருக்கமான "பி.ஏ.டி." (PAT) என்பதை அட்டையிலேயே அச்சிடுவது வழக்கம். அட்டையில் இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் கூடுதல் விலை கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

பிளாஸ்டிக் உறைகளைப் பொறுத்தவரை பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் ஆகிய மூன்றும் பாதுகாப்பானவை. பி.வி.சி. எனப்படும் வினைல் உறையைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அதை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் நாளடைவில் கசிந்து படத்தோடு ஒட்டிக்கொள்ளும். வினைல் சிதையும்போது அமில ஆவியும் வெளிவரும். உறையில் மறுசுழற்சி முக்கோணம் இருந்தால் அதனுள் எண் 3 உள்ளதா என்று பாருங்கள், அது பி.வி.சி.யைக் குறிக்கும். எண் இல்லாவிட்டால், புதிய ரெயின்கோட்டைப் பிரித்ததும் வருவது போன்ற காரமான வாடையும், தொட்டால் லேசாகக் கையோடு ஒட்டும் தன்மையும் உள்ள உறையை வாங்காமல் திரும்புவதே நல்லது.

கேள்வி: 1980-களில் வாங்கிய, பக்கம் முழுவதும் பசைக் கோடுகளும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பம் எங்களிடம் இருக்கிறது. படங்கள் கெட்டியாக ஒட்டிக்கொண்டுவிட்டன. எடுக்க வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் ஒரு படத்தையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கேமராவில் பதிவு செய்துவிடுங்கள். படம் கிழிந்தாலும் பிம்பம் மிஞ்சும். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்ற விவரமும் தொலையாது. பிறகு மேல்தாளை மெதுவாக உரித்துவிட்டு, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யப் பயன்படும் ஃபிளாஸ் நூலை, மெழுகும் வாசனையும் சேர்க்காததாகப் பார்த்து வாங்கி, ஒரு முழ நீளத்துக்கு இரு கைகளிலும் இழுத்துப் பிடித்து, படத்தின் ஒரு மூலைக்கு அடியில் நுழைத்து, அறுப்பதுபோல் முன்னும் பின்னும் அசைத்து நகர்த்துங்கள். பசை பிரியும்போது நூலில் மெல்லிய இழுவை தெரியும். அந்த இழுவை திடீரென்று இறுகினால் தாள் கிழியத் தொடங்குகிறது என்று பொருள். உடனே நிறுத்திவிட்டு எதிர் மூலையிலிருந்து தொடங்குங்கள். படத்தை வளைக்கக் கூடாது; ஹேர் டிரையரின் சூட்டையும் காட்டக் கூடாது. வராத படத்தை வற்புறுத்தாமல், அதைச் சுற்றியுள்ள அட்டையோடு சேர்த்து வெட்டி எடுத்து உறையில் வைத்துவிடலாம். ஃபிரேமின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்துக்கு இந்த முறை உதவாது. அதைப் பிரிக்க முயலாமல் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பின்பக்கத்தில் பெயர் எழுதலாமா?

பதில்: எழுத வேண்டும், அதுவும் தள்ளிப்போடாமல். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. எந்த உறையையும் எந்தப் பெட்டியையும் பின்னர் வாங்கிக்கொள்ளலாம். பழைய சாதாரணத் தாள் படங்களில் மென்மையான பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுதுங்கள். 1970-களுக்குப் பிறகு அச்சான வண்ணப் படங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளில் இருப்பதால் பென்சில் சரியாகப் பிடிக்காது. பால்பாயிண்ட் பேனாவை அழுத்தினால் எழுத்து முன்பக்கத்தில் புடைத்துத் தெரியும். அதன் மை அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டவும் கூடும். அவற்றுக்கு உறையின் மேல் எழுதுவதோ, ஒரு துண்டுத் தாளில் எழுதிப் படத்தின் பின்னால் வைப்பதோ பாதுகாப்பானது.

கேள்வி: எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய ஒரு சேவையிடம் கொடுக்கலாமா, ஸ்கேனர் வாங்கலாமா? ஸ்கேன் செய்த பிறகு பிரிண்டுகள் தேவையா?

பதில்: சில நூறு படங்கள் என்றால் தட்டையான கண்ணாடி உள்ள சாதாரண ஸ்கேனர் போதும். விளம்பரத்தில் பெரிதாகக் காட்டப்படும் டி.பி.ஐ. (ஓர் அங்குலத்தில் பதிவாகும் புள்ளிகள்) எண்ணுக்காக அதிகம் செலவிட வேண்டாம். படத்தை அதே அளவில் மீண்டும் அச்சிட 300 போதும். பெரிதாக்கவும் சிறிய படங்களுக்கும் 600 வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால், பெரும்பாலான பிரிண்டுகளில் கோப்பின் எடை கூடுமே தவிர விவரம் கூடாது. 35 மி.மீ. நெகட்டிவ் மட்டுமே விதிவிலக்கு. அதற்கு 2400-க்குக் குறையாமல் வேண்டும், ஒளி ஊடுருவும் வசதியுள்ள ஸ்கேனரும் வேண்டும். நெகட்டிவ் இருந்தால் பிரிண்டைவிட அதற்கே முன்னுரிமை கொடுங்கள். சிவந்து வெளிறிப்போன பழைய வண்ணப் படத்தின் சாயம் திரும்பாது என்றாலும், ஸ்கேன் செய்த பிம்பத்தில் நிறத்தைப் பெருமளவு சரிசெய்யலாம்.

ஆயிரக்கணக்கில் இருந்தால் சேவையை நாடலாம். மொத்தத்தையும் ஒப்படைக்கும் முன் ஒரு சிறு பகுதியை மட்டும் கொடுத்து, முடிவைப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். படங்களை உருளைகள் வழியே இழுக்கும் இயந்திரமா, தட்டையான கண்ணாடியா, பின்பக்க எழுத்தும் பதிவாகுமா, வேலை அவர்களிடத்திலேயே நடக்குமா அல்லது வேறிடத்துக்கு அனுப்புவார்களா, தொலைந்தால் பொறுப்பு யாருடையது என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். தொலைந்தால் ஒரு புதிய பிரிண்டின் விலையை மட்டும் ஈடாகத் தருவோம் என்ற நிபந்தனை இருந்தால், வேறொரு பிரதி இல்லாத படங்களை அவர்களிடம் கொடுக்காமல் வீட்டிலேயே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். பிரிண்டுகளை எந்த நிலையிலும் எறிய வேண்டாம். ஸ்கேன் கோப்புகளை இரண்டு வெவ்வேறு சாதனங்களிலும், வீட்டுக்கு வெளியே ஓரிடத்திலும் வைத்துக்கொண்டு, பிரிண்டுப் பெட்டிகளைப் பரண் மேலோ ஈரச்சுவரை ஒட்டியோ வைக்காமல், மனிதர்கள் புழங்கும் அறையில், தரையிலிருந்து உயர்ந்த அலமாரித் தட்டில் வையுங்கள்.