60-ஐத் தாண்டினால் எஸ்யூவி ஊளையிடுகிறது: நான்கு வீல் பேரிங்கையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: கடலூரில் இருக்கிறோம். எங்கள் ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவி 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்பக்கம் ஊளையிடுகிறது. மெக்கானிக் நான்கு வீல் பேரிங்கையும் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? அடுத்த மாதம் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போக வேண்டும்.

பதில்:

இப்போதைக்கு வேண்டாம். நான்கு பேரிங்கும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகக் கெடுவது அபூர்வம். அந்தச் சத்தம் எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று தெரியாமல் ஒரு சாமானும் வாங்காதீர்கள்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். நின்ற இடத்திலேயே ஊளை கேட்டால் சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெல்ட் ஓடும் பக்கம் ஆல்டர்னேட்டர், ஐட்லர் புல்லி, டென்ஷனர், இல்லையென்றால் டர்போ. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது மட்டும் முனகினால் பவர் ஸ்டீயரிங் ஆயில் அளவைப் பாருங்கள். உங்களுக்குச் சத்தம் 60-க்கு மேல்தான் என்பதால் இதெல்லாம் பெரும்பாலும் இருக்காது.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. விடியற்காலை புதுச்சேரி சாலையில் ரெட்டிச்சாவடி தாண்டினால் கிருமாம்பாக்கம் வரை போக்குவரத்து குறைவாக இருக்கும். ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, காது நன்றாகக் கேட்கும் ஒருவரைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள். ஓட்டுபவருக்கு முன்னால் கேட்பதுபோல் தோன்றும் சத்தம் பல நேரம் பின்னால் இருந்துதான் வரும். எங்கள் வண்டியும் முன்பு இப்படித்தான் ஊளையிட்டது; அதைச் சரியாகச் சொன்னவர் என் மனைவிதான். "சத்தம் என் காலுக்கடியில் வருது, டயர் பக்கம் இல்லை" என்றார்.

சத்தம் வரும் வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இன்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். நியூட்ரலிலும் சத்தம் அப்படியே இருந்தால் வீல் பேரிங் அல்லது டயர். சாலை காலியாக இருக்கும்போது வண்டியை மெல்ல இடமும் வலமுமாக வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் வளைத்தால் பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் இறங்கும். அப்போது சத்தம் கூடினால் சந்தேகம் வலப்பக்க பேரிங் மேல். தார்ச் சாலையில் ஒருவிதமாகவும் கான்கிரீட் சாலையில் வேறுவிதமாகவும் கேட்டால் டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருக்கும்; முன்டயரைப் பின்னுக்கு மாற்றினால் சத்தமும் கூடவே இடம் மாறும்.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளை, காலை எடுத்தால் மறைகிறது, அல்லது நேர்மாறாக என்றால், எனக்கு டிஃபரென்ஷியல்மேல்தான் சந்தேகம். பொலேரோ, ஸ்கார்பியோ போலப் பின்சக்கரத்துக்குச் சக்தி போகும் வண்டிகளில் பின்சக்கரங்களை இணைக்கும் அச்சான பின் ஆக்ஸிலின் நடுவில் உருண்டையாகத் தெரியும் கூடு அது. (முன்சக்கர இழுவை வண்டி என்றால் பின்னால் அது கிடையாது.) உள்ளே முக்கியமாக கிரவுன், பினியன் என்று இரண்டு பல்சக்கரங்கள். மிதிக்கும்போது பல்லின் ஒரு முகத்தில் பாரம், காலை எடுத்தால் மறுமுகத்தில். அதனால்தான் சத்தம் மாறுகிறது.

நம் ஊரில் இதைக் கூடுதலாகச் சந்தேகிக்கக் காரணம் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூரிலும் புகுந்தது. ஓடிச் சூடான ஆக்ஸில் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். மேலே காற்று போய்வர இருக்கும் பிரீதர் என்ற சின்னத் துவாரம் சேற்றால் அடைத்திருந்தாலோ தண்ணீருக்குள் முங்கியிருந்தாலோ உறிஞ்சுவது காற்றை அல்ல, தண்ணீரை. வண்டி அன்றைக்கே நிற்காது. பல மாதம் ஆயிலோடு தண்ணீர் கலந்து கடைந்து, பேரிங் துருப்பிடித்து, பிறகுதான் குரல் கொடுக்கும். எங்கள் வண்டியும் அந்த வெள்ளத்தில் போய் வந்ததுதான். ஆயிலை இறக்கும் அடி மூடியான டிரெய்ன் பிளக்கைக் கழற்றியதும் வந்தது கறுப்பு ஆயில் அல்ல, பால் ஊற்றிய காபி போல ஒன்று.

ஆகவே உங்கள் மெக்கானிக்கிடம் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, பேரிங் வாங்குறதுக்கு முன்னாடி டிஃபரென்ஷியல் ஆயிலை என் கண்ணெதிர்ல இறக்குங்க." இறக்குமுன் ஆயில் ஊற்றும் மேல் பிளக் கழலுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், கீழே இறக்கிவிட்டு மேலே திறக்க முடியாமல் போனால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். பிளக்கின் காந்தத்தில் மை போல மெல்லிய தூள் ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். தகடு தகடாகவோ பல்லின் துண்டாகவோ இருந்தால் வேளாங்கண்ணிக்கு வேறு வண்டி பாருங்கள். குழந்தைகள் உட்கார்ந்திருக்கும்போது ஓட்டத்தில் பினியன் பேரிங் இறுகினால் பின்சக்கரங்கள் அப்படியே பூட்டிக்கொள்ளும். இதில் மட்டும் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள்.

ஆயில் வெறுமனே பழையதாக இருந்தால் புது ஆயிலே போதும். கையேட்டில் என்ன தரம் போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள்; பல வண்டிகளுக்கு 80டபிள்யூ-90, ஜிஎல்-5 என்று போட்ட கியர் ஆயில். இன்ஜின் ஆயில் கூடவே கூடாது. கெட்டியான ஆயில் ஊற்றிச் சத்தத்தை அடக்கித் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

எங்களுக்குப் பினியன் பேரிங்குகளும் ஆயில் சீலும் மாற்றினார்கள், பல்சக்கரங்கள் தப்பித்தன. கிரவுன், பினியனில் ஒன்று போனாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பேரிங் மட்டும் மாற்றினாலும் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துப் பற்களின் இடைவெளியைச் சரிசெய்து, பல்லில் வண்ணப் பசை தடவிச் சுற்றி, பதிவு பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். லாரி ஆக்ஸில் வேலை செய்யும் பட்டறைகளில் இது தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். அந்த அளவு சரியாக அமையாவிட்டால் புது சாமானும் ஊளையிடும்.

கூடவே பிரீதரைச் சுத்தம் செய்து, முடிந்தால் ரப்பர் குழாய் போட்டு பாடிக்குள் உயரமாக ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை இன்னொரு முறை இறக்கிப் பார்த்து மாற்றிவிடுங்கள்; கூட்டின் மூலையில் தங்கிய ஈரமும் தூளும் அப்போதுதான் முழுக்க வெளியே வரும்.