சிங்கப்பூரில் கட்டுமான நிறுவனங்கள் தரும் பாதுகாப்பு உறுதிமொழியை நம்பலாமா?

சிங்கப்பூரில் கட்டுமான வேலை கிடைத்திருக்கிறது என்றும், நிறுவனம் தந்த கையேட்டின் முதல் பக்கத்தில் விபத்தே இல்லாத தளம் தங்கள் உறுதிமொழி என்று நிர்வாக இயக்குநர் கையெழுத்திட்டிருக்கிறார் என்றும் எழுதி, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே பல ஆண்டுகளாகக் கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக வேலை பார்ப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் கடுமையான சட்டம் இருக்கிறது. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் வேலை பின்தங்கிக் கிடக்கும் ஒரு நாளில், "இது சரியில்லை, நிறுத்துங்கள்" என்று சொல்பவரை அந்தத் தளம் எப்படி நடத்துகிறது என்பதைப் பார்த்த பிறகே உறுதிமொழியின் மதிப்பு உங்களுக்குத் தெரியவரும்.

இன்றைய சட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நான் சொல்வது விளங்கும். 2004 ஏப்ரல் 20 அன்று பிற்பகலில், வட்டப் பாதை எம்.ஆர்.டி. ரயில் சுரங்கத்துக்காக நிக்கல் ஹைவே சாலை அருகே ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிய பள்ளம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். பள்ளத்தின் சுவர்கள் உள்ளே சரியாமல் தாங்கிய எஃகு உத்திரங்கள் சுவரோரச் சட்டங்களோடு சேரும் இணைப்புகள் வேண்டிய வலுவோடு வடிவமைக்கப்படவில்லை என்றும், ஆபத்தைக் காட்டிய அறிகுறிகள் உரிய கவனம் பெறவில்லை என்றும் விசாரணைக் குழு கண்டறிந்தது. அன்று காலையிலிருந்தே இரும்பிலிருந்து சத்தம் வந்திருக்கிறது, அந்தச் சுவரோரச் சட்டங்கள் வளைந்திருக்கின்றன. வளைந்த இடத்தை வலுப்படுத்தப் பார்த்தார்களே தவிர, எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டுப் பணியை நிறுத்தும் முடிவு உரிய நேரத்தில் வரவில்லை. தன் ஆட்களை மேலே அனுப்பிவைத்த ஃபோர்மன் ஒருவரின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அவரை நினைக்காமல் இந்தத் தொழிலைப் பற்றி என்னால் பேச முடிவதில்லை.

அதன் பிறகு, பழைய தொழிற்சாலைச் சட்டத்துக்குப் பதிலாக 2006 மார்ச்சில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விபத்து நடக்கும்வரை காத்திராமல், ஆபத்தை உருவாக்குபவரே அதை முன்கூட்டி மதிப்பிட்டுக் குறைக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. பொதுத் தண்டனைப் பிரிவின்படி முதல் குற்றத்துக்கே நிறுவனத்துக்கு 5 லட்சம் வெள்ளி வரை அபராதமும், தனிநபருக்கு 2 லட்சம் வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டுச் சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். 2004-இல் ஒரு லட்சம் ஊழியருக்கு 4.9 ஆக இருந்த வேலையிட மரண விகிதம் 2023-இல் 0.99-க்கு இறங்கியது. நடுவில், மொத்தம் 46 பேர் இறந்த 2022-இல், மனிதவள அமைச்சு அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து 2023 மே இறுதிவரை உயர்நிலைப் பாதுகாப்புக் காலம் ஒன்றை அறிவித்து, கடுமையான குறைபாடு கண்ட நிறுவனங்களின் தலைமை அதிகாரிகளே நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்றும், அந்நிறுவனங்கள் புதிதாக வெளிநாட்டு ஊழியர்களை எடுப்பதைத் தடைசெய்யலாம் என்றும் ஆக்கியது. ஆள் எடுக்க முடியாமல் போவது இங்கே எந்த அபராதத்தையும்விட முதலாளிகளுக்கு உறைக்கும். 2023-இல் 36 ஆகக் குறைந்த மரணங்கள் 2024-இல் மீண்டும் 43 ஆயின. ஆகவே இது முடிந்துபோன கதை அன்று.

தளத்துக்கு வருவோம். மூன்று மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்கு இங்கே பி.டி.டபிள்யூ. எனப்படும் எழுத்துமூல அனுமதி வேண்டும். மேற்பார்வையாளர் விண்ணப்பிக்க, உயர வேலைக்கான மதிப்பீட்டாளர் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்து ஒப்புதல் தர, அதன் பிறகே பொறுப்பு மேலாளர் அனுமதி வழங்க வேண்டும். நல்ல தளத்தில் அந்தத் தாளின் நகல் வேலை நடக்கும் இடத்திலேயே தொங்கும், அதிலுள்ள மாடியும் மூலையும் நீங்கள் நிற்கும் இடத்தோடு ஒத்துப்போகும். மோசமான தளத்தில் ஒரு வாரத்துக்கான எல்லாக் கட்டங்களிலும் ஒரே பேனாவில், ஒரே வேகத்தில் டிக் விழுந்திருக்கும். கையெழுத்திட்டவர் கன்டெய்னர் அலுவலகத்தை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். ஆவணப்படி இரண்டு தளங்களும் விதியைப் பின்பற்றியவைதான்.

உயரத்தில் வேலை செய்பவர் உடலில் அணியும் ஹார்னஸ் பட்டை விஷயத்தில், இப்படிப் பார்வைக்கு எல்லாம் சரியாகத் தெரிவது இன்னும் ஆபத்தானது. ஹார்னஸோடு சேர்ந்த, அதிர்ச்சி தாங்கும் உறையுள்ள லேன்யார்ட் கயிற்றைக் கால்மட்டத்தில் மாட்டிக்கொண்டு ஒருவர் விழுந்தால், கயிற்றின் நீளம் இரண்டு மீட்டர், உறை பிரிந்து நீள்வது ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மீட்டர், அதன் கீழே தொங்கும் உடலின் உயரம், கொஞ்சம் இடைவெளி என்று கூட்டினால், மாட்டிய இடத்துக்குக் கீழே ஆறு மீட்டருக்கு மேல் வெற்றிடம் வேண்டும். நான்கு மீட்டர் உயரத்தில் நிற்பவர் ஹார்னஸ் போட்டு, கொக்கியையும் மாட்டியிருந்தாலும் தரையில்தான் மோதுவார். சோதனைக்கு வருபவர் படம் எடுத்தால் அந்தப் படத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். எனவே கொக்கியை உங்கள் தலைக்கு மேல் மாட்டும்படி லைஃப்லைன் எனப்படும் பாதுகாப்புக் கயிறு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் விளிம்பில் கைப்பிடித் தடுப்பு போட்டுவிட்டு வேலை செய்வதே அதைவிட மேல்.

பெரும்பாலான சறுக்கல்கள் மெயின்கான் எனப்படும் முதன்மை ஒப்பந்ததாரருக்கும் மூன்றாம் நிலை சப்கான் எனப்படும் துணை ஒப்பந்ததாரருக்கும் இடையில் நடக்கின்றன. உறுதிமொழியில் கையெழுத்திட்டவர் மேலே இருக்கிறார்; குறைந்த விலைக்கும் குறைந்த நாளுக்கும் வேலையை ஒப்புக்கொண்டவர் கீழே இருக்கிறார். தடுப்பு போட அரை நாள் ஆகும் என்றால் அந்த அரை நாள் யார் கணக்கு என்பதே தினமும் நடக்கும் பேரம். உங்கள் நிறுவனம் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் தலையில் இருக்கும்போது, வேலை அனுமதிச்சீட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் நம் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை அவர்களுடைய அலட்சியமாக எழுதி விபத்து அறிக்கையை முடிப்பதை நான் எப்போதும் எதிர்த்தே வந்திருக்கிறேன்.

கட்டுமானப் பாதுகாப்பு அறிமுக வகுப்பைத் தமிழிலேயே படிக்கலாம். ஆங்கிலத்தில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வர வேண்டாம். காலையில் வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் புரியாத வருகைத்தாளில் கையெழுத்திடுவதற்கு முன், அன்று என்ன வேலை, எங்கே, என்ன ஆபத்து என்று உங்கள் மொழியில் சொல்லும்படி கேளுங்கள். அடிபட்டால், சிறிய காயம்தான் என்று சொன்னாலும் மருத்துவரிடம் போய், எப்படி அடிபட்டது என்று உங்கள் வாயால் சொல்லிப் பதிய வையுங்கள். 2020 செப்டம்பரிலிருந்து, மருத்துவ விடுப்பு ஒரு நாளாக இருந்தாலும், லைட் டியூட்டி எனப்படும் இலகுவான வேலை மட்டுமே தந்திருந்தாலும், வேலையிடக் காயத்தை முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை, வேலையை விட்ட பிறகும் உரிமை கோரலாம். மருத்துவர் தரும் ஒவ்வொரு சீட்டையும் கைபேசியில் படம் எடுத்து, ஊரில் வீட்டாருக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.